பறந்தவர் தேர்ந்த வழி

படிப்பு முடியும் ஆண்டில் நம்மில் பலரை ஒரு கேள்வி வாட்டுகிறது. அடுத்து எந்தத் துறை? என் ஊராகிய காரக்கோணத்தில் இக்கேள்விக்கு விடை பெரும்பாலும் வீட்டிலேயே ஆயத்தமாக இருக்கும். நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் அண்மையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சிற்றூர் எங்களுடையது. 1956இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. கோட்டின் இருபுறமும் உறவினர் உள்ள எங்களுக்கு, இரண்டில் ஒன்றைத் தேர்வது எவ்வளவு கடினம் என்பது தெரியும். ஆனால் தொழில் என்று வந்துவிட்டால் பெரியவர்களுக்கு ஐயமே இல்லை. ஊரிலேயே மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஆகவே மருத்துவம். அது கிட்டாவிட்டால் ஐ.ஏ.எஸ். விமானப்படையின் தென்மண்டலத் தலைமையகம் 1984 முதல் திருவனந்தபுரத்தில்தான் இருக்கிறது. ஆயினும் விமானியாகப் போகிறேன் என்று ஒருவன் சொன்னால் வீடு கலங்கிப்போகும். சேர்ந்தபின் விலகி வந்தாலோ, அஞ்சி ஓடிவந்தான் என்று ஊர் பேசும்.

பறப்பதா, ஆட்சிப் பணியா என்னும் இதே கேள்வி நூறாண்டுகளுக்கு முன் ஓர் இந்திய இளைஞரின் எதிரே நின்றது. அவர் சர்தார் ஹர்தித் சிங் மாலிக். நம் தோழர்கள் அவர் வரலாற்றை அறிந்திருத்தல் நலம் என்று கருதியே இதனை எழுதுகிறேன்.

மாலிக் 1894 நவம்பர் 23ஆம் நாள் இராவல்பிண்டியில் சீக்கியக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பதினான்காம் வயதில் கல்விக்காக இங்கிலாந்து சென்றார். பின்னர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் பேலியல் கல்லூரியில் வரலாறு பயின்றார். கால்ப் ஆட்டத்தில் பெயர் பெற்றார். 1914இல் சசெக்ஸ் அணிக்காகக் கிரிக்கெட்டும் ஆடினார். அந்த ஆண்டிலேயே முதல் உலகப்போர் மூண்டது. உடன் பயின்ற ஆங்கில மாணவர்கள் அணியணியாய்ப் படையில் சேர்ந்தனர். மாலிக்கும் சேர விரும்பினார். ஆனால் அவர்களுக்குத் திறந்த கதவு இந்தியருக்குத் திறக்கவில்லை.

அவர் சோர்ந்து உட்காரவில்லை. 1916இல் பிரெஞ்சுச் செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர்ந்து, காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் வண்டியை ஓட்டினார். பிரெஞ்சு விமானப்படை தம்மை ஏற்கக்கூடும் என்று தெரிந்ததும், அச்செய்தியைத் தம் ஆக்ஸ்போர்டு ஆசிரியருக்கு எழுதினார். பிரெஞ்சுக்காரர் ஏற்கும் இளைஞரை நாம் ஒதுக்குவது தகுமா என்று அந்த ஆசிரியர் பிரிட்டிஷ் விமானத்துறைத் தளபதி ஹெண்டர்சனிடம் முறையிட்டார். அதன் பயனாக 1917 ஏப்ரலில் மாலிக் ராயல் பறக்கும் படையில் பயிற்சிக்குச் சேர்ந்தார். தலைப்பாகையை விட்டுவிட அவர் இசையவில்லை. அதன்மேல் அணியத்தக்க பெரிய தலைக்கவசம் ஒன்றைத் தனியே செய்வித்துக் கொண்டார்.

பயிற்சி முடிந்ததும் 28ஆம் விமான அணியில் சேர்ந்து, சாப்வித் கேமல் என்னும் ஒற்றையாள் போர் விமானத்தை ஓட்டினார். 1917 அக்டோபர் 26ஆம் நாள், மழையும் மேகமும் சூழ்ந்திருந்த வேளையில், பெல்ஜியத்துப் போர்முனைக்கு மேல் ஜெர்மானிய விமானங்கள் அவரை வளைத்துக் கொண்டன. பெட்ரோல் கலத்தைத் துளைத்து வந்த குண்டுகளில் இரண்டு அவர் காலில் பாய்ந்தன. கலத்தைத் துளைத்ததால் அவற்றின் வேகம் குறைந்திருந்தது. அதனால்தான் உயிர் தப்பினார். நினைவு மங்கிய நிலையிலும் தம் படைப் பகுதிக்குள் வந்து விமானத்தைத் தரையில் மோதி இறக்கினார். அதன் உடலில் நானூறுக்கும் மேற்பட்ட குண்டுத் துளைகள் இருந்தன என்பர். காலில் ஆழப் புதைந்த குண்டுகளை மருத்துவர்கள் அப்படியே விட்டுவிட்டனர். அவை வாழ்நாள் முழுதும் அவருடனேயே இருந்தன.

உடல் தேறியதும் மீண்டும் பறந்தார். இத்தாலியப் போர்முனைக்குச் சென்றிருந்த தம் அணியை அடைந்தார். அங்கே வேறோர் இடையூறு வந்தது. கேமல் விமானத்தின் சுழல் எஞ்சினுக்கு விளக்கெண்ணெய்தான் மசகு. அந்த எண்ணெய் அவர் உடலுக்கு ஒவ்வாமல் மருத்துவமனையில் கிடக்க நேர்ந்தது. எதிரியின் குண்டு தடுக்காததை எண்ணெய் தடுத்தது! ஆகவே இங்கிலாந்து திரும்பி, விளக்கெண்ணெய் வேண்டாத பிரிஸ்டல் போர் விமானத்துக்கு மாறினார். 1918இல் மறுபடியும் பிரான்சுப் போர்முனைக்குப் போனார். தமக்கு ஒவ்வாத விமானத்தை விட்டார், பறப்பதை விடவில்லை.

அப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் அதிகாரிகளாகப் பறந்த இந்தியர் நால்வர்: மாலிக், இந்திரலால் ராய், ஸ்ரீகிருஷ்ண வெலிங்கர், எரோல் சந்தர் சென். இவர்களில் வெலிங்கர் 1918 ஜூனில் மாண்டார். பத்து வெற்றிகளை ஈட்டிய ராய், அதே ஆண்டு ஜூலை 22இல் பத்தொன்பது வயதில் வீழ்ந்தார். சென் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு மீண்டார். மாலிக்கின் துணிவை அளக்க இதற்குமேல் அளவுகோல் வேண்டியதில்லை.

போர் ஓய்ந்தது. மாலிக்குக்கு இருபத்தைந்து வயது நிரம்பவில்லை. இனிப் படையா, வேறு பணியா? அன்று இந்தியாவுக்கென்று ஒரு விமானப்படை இல்லை. அது 1932 அக்டோபர் 8இல்தான் சட்டத்தால் தோன்றியது. 1919இல் மாலிக் விமானப்படையிலிருந்து விலகி, ஐ.சி.எஸ். பணியை மேற்கொண்டார்.

இந்தத் தேர்வு களங்கமே இல்லாதது என்று நான் சொல்ல வரவில்லை. அதே 1919இல்தான் அவர் பிறந்த பஞ்சாபில் ஜாலியன்வாலாபாக் படுகொலை நிகழ்ந்தது. அந்த அரசின் பணியையா ஏற்பது என்று அன்று பலர் கேட்டிருக்கக் கூடும்; இன்று நாமும் கேட்கலாம். அக்கேள்விக்கு அவருடைய பிற்கால வாழ்வை வைத்தே விடை காணவேண்டும்.

அவர் பஞ்சாபில் நிருவாகம் பார்த்தார். இலண்டனிலும் ஹாம்பர்க்கிலும் நியூயார்க்கிலும் இந்திய வாணிகத்தின் பிரதிநிதியாக இருந்தார். 1944 முதல் 1947 வரை பாட்டியாலா சமஸ்தானத்தின் பிரதம அமைச்சராக விளங்கினார். நாடு விடுதலை பெற்றதும், கனடாவுக்கு இந்தியாவின் முதல் ஹைகமிஷனராகச் சென்றார். 1949இல் பிரான்சில் இந்தியத் தூதரானார். எந்த நாட்டின் வானில் பிரிட்டிஷ் சீருடையில் பறந்தாரோ, அந்த நாட்டுத் தலைநகரில் விடுதலை பெற்ற இந்தியாவின் சார்பில் அமர்ந்தார். அவர் அங்கே தூதராக இருந்த காலத்தில்தான், 1954 நவம்பர் 1இல், புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து இந்திய ஆட்சிக்குள் வந்தன. தமிழராகிய நாம் அந்த நாளை மறத்தல் ஆகாது. 1956இல் ஓய்வு பெற்றார். காலில் குண்டுகளைச் சுமந்தபடியே முதுமையிலும் கால்ப் ஆடினார். 1985இல், தொண்ணூறு வயது கடந்து மறைந்தார்.

அவர் படையிலேயே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சிலர் கேட்கலாம். 1930இல் கிரான்வெல் விமானக் கல்லூரிக்குச் சென்ற சுப்ரதோ முகர்ஜி படையிலேயே நின்றார். 1954 ஏப்ரல் 1இல் இந்திய விமானப்படையின் முதல் இந்தியத் தலைவரானார். அவர் பயிற்சி முடித்த காலத்தில் நம் நாட்டுக்கென ஒரு படை பிறந்துகொண்டிருந்தது. மாலிக்கின் காலத்தில் அது இல்லை. ஒருவர் நின்றார், ஒருவர் விலகினார். இருவரில் எவரை நாம் கோழை என்போம்?

இது பழங்கதை என்று தள்ளிவிட வேண்டா. இன்றும் குறுகிய காலப் பணியில் சேரும் விமானி 14 ஆண்டுகளில் படையை விட்டு வெளிவருகிறார். அதாவது, இருபத்திரண்டில் சேர்பவர் நாற்பதைத் தொடுமுன் மீண்டும் ஒருமுறை வழி தேரவேண்டும். நிலையான பணியா, குறுகிய காலப் பணியா என்பதைச் சேரும்போதே எண்ணிப் பார்ப்பது நன்று. போர் விமானமா, போக்குவரத்து விமானமா, ஹெலிகாப்டரா என்பதோ நம் விருப்பம் ஒன்றால் முடிவாவதன்று. பயிற்சியில் காட்டும் திறமும் படையின் தேவையும் சேர்ந்து முடிவு செய்கின்றன. உடல் தகுதியின் கதையை மாலிக்கின் விளக்கெண்ணெயே சொல்லிவிட்டது.

ஆகவே தோழர்களே, ஒரு துறையில் சேர்வதை மணவினை போலவும், விலகுவதை மானக்கேடு போலவும் கருதும் பழக்கத்தை நாம் விடவேண்டும். கதவு அடைத்திருந்தபோது தட்டிக்கொண்டே நின்றார் மாலிக். திறந்தபின் உயிரைப் பணயம் வைத்து உழைத்தார். காலம் மாறியபோது வேறு பணிக்குச் சென்று அங்கும் அதே முழுமையோடு உழைத்தார். அஞ்சி விலகுவது வேறு. ஆற்றவேண்டியதை ஆற்றி முடித்து விலகுவது வேறு. நாம் எந்தத் துறைக்குச் சென்றாலும், விலகும் நாளில் இவ்விரண்டில் எது நம்முடையது என்று நம் நெஞ்சுக்குத் தெரியும். ஊர் சொல்லும் தீர்ப்பைவிட அந்தத் தீர்ப்புக்கு அஞ்சி நடப்போம்.