இறுதிவரை மாணவர்: போப் ஐயர்

கல்வி வளர வளரப் பணிவும் வளர வேண்டும். அவ்வாறு வளர்ந்தோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் டாக்டர் ஜி. யு. போப் ஐயர். நம் ஓட்டப்பிடாரத்திற்குத் தெற்கே, இதே தூத்துக்குடி மாவட்டத்துச் சாயர்புரத்தில் பணியாற்றிய பெரியார் அவர்.

1820-ஆம் ஆண்டு கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவில் பிறந்த போப், 1839-இல் சமயத் தொண்டராகச் சென்னை வந்தார். ஆள்வோர் இனத்தவராயினும், இராமாநுசக் கவிராயரிடம் மாணாக்கராய் அமர்ந்து தமிழ் கற்றார். 1840-களில் சாயர்புரத்தில் கல்விக்கூடம் நிறுவினார். கண்டிப்பு மிக்க ஆசிரியர் எனப் பெயர் பெற்றவர். எனினும் தாம் கற்பதை அவர் நிறுத்தவில்லை. தம் ஆசானைப் பிற்காலத்தும் நன்றியுடன் நினைவு கூர்ந்தார்.

தாயகம் திரும்பி ஆக்ஸ்போர்டில் தமிழ் கற்பித்த காலத்தில், 1886-இல் திருக்குறளையும் 1893-இல் நாலடியாரையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். திருவாசகத்தை முடிக்க ஆயுள் போதுமோ என ஐயுற்றபோது, பெரும்பணியைக் கையில் வைத்திருப்பதே நெடிது வாழும் வழி என ஜோவெட் என்னும் பேரறிஞர் தேற்றினார். 1900-இல், தம் எண்பதாம் வயதில், அப்பணியை நிறைவேற்றினார். 1908-இல் மறைந்தார்.

கிறிஸ்தவக் குருவாகிய அவர், சைவத் திருநூலின்முன் மாணவராய் அமர்ந்தார். தம் விசுவாசத்தைக் கைவிடவில்லை. அதனாலேயே தாம் அனைத்தும் அறிந்தவர் என்றும் எண்ணவில்லை. அறிவு கடவுளின் கொடை என்பது கிறிஸ்தவ நெறி. பெற்ற கொடையைக் காட்டிச் செருக்குவதற்கு இடமேது?

இளைஞர்களே! யாம் பட்டம் பெற்று வந்த புதிதில், எழுத்தறியாத எம் தந்தையார் வானம் பார்த்து விதைப்பு நாள் குறித்ததை எள்ளி நகைத்தோம். அவர் மறுமொழி கூறாது ஏரைத் தோளில் ஏற்றிச் சென்றார். அவ்வாண்டு எம் கரிசலில் உளுந்து செழித்து விளைந்தது. அன்று உற்ற நாணம் இன்றும் எம்மை விட்டு அகலவில்லை.

பணிவு என்பது பிறர்முன் கூனிக் குறுகுவதன்று. அவ்வாறு குனிந்த காலம் போதும். ஆனால், கல்லாதவர் என நம் முன்னோரைப் பிறர் இகழ்ந்த அதே சொல்லை, கற்ற நாம் நம் வீட்டுப் பெரியோர்மீது வீசலாமா? இச்சங்கம் தந்த கல்வி நம்மை நிமிர்த்தட்டும். அவர்களிடம் கேட்டுக் கற்கும் மாணவராகவும் வைத்திருக்கட்டும்.