மலைக்காற்றுக்கும் வெயிலுக்கும் அளவுகோல் தந்த அன்னா மணி

கேரளத்தின் பாலக்காட்டுக் கணவாயில் அமைந்த கஞ்சிக்கோட்டிலும், தேனி மாவட்டத்தை நோக்கி நிற்கும் இடுக்கி மாவட்டத்தின் ராமக்கல்மேட்டிலும் இன்று காற்றாலைகள் சுழல்கின்றன. அங்கு காற்று பலமாக வீசும் என்பதை உள்ளூர் மக்கள் தலைமுறைகளாக அறிவர். அத்தகைய காற்றின் வேகத்தை நம்பத்தக்க எண்களாக்கும் பணிக்கு நாட்டில் அடித்தளம் இட்டவர்களில் முதன்மையானவர், இடுக்கி மலைகளில் பிறந்த அன்னா மணி.

அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த பீர்மேட்டில் 1918 ஆகஸ்ட் 23-ஆம் தேதி பிறந்தார். தந்தை கட்டுமானப் பொறியாளர்; குடும்பத்துக்கு ஏலக்காய்த் தோட்டங்களும் இருந்தன. எட்டாவது பிறந்தநாளில் வைரத் தோடுகளை மறுத்து, அதற்குப் பதிலாகக் கலைக்களஞ்சியத்தைக் கேட்டுப் பெற்றார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றபின், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி.வி. ராமனிடம் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிப் பண்புகளை ஆராய்ந்தார். ஐந்து ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டும், முதுகலைப் பட்டம் இல்லாத காரணத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டத்தை மறுத்தது. அந்த மறுப்பு அவரது பணியைத் தடுக்கவில்லை.

1945-இல் லண்டன் சென்று வானிலைக் கருவிகள் பற்றிப் பயின்ற அவர், 1948-இல் நாடு திரும்பி, புணேயில் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்தார். எளிய கருவிகளைக் கூட இறக்குமதி செய்யும் நிலை அப்போது இருந்தது. சுமார் 100 வானிலைக் கருவிகளுக்கான வரைபடங்களைத் தரப்படுத்தி, அவற்றை உள்நாட்டிலேயே தயாரிக்க வழிவகுத்தார். 1957-58 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டையொட்டி சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நிறுவினார். பலூனில் அனுப்பி ஓசோனை அளக்கும் இந்தியக் கருவியை அவரது குழு 1960-களில் உருவாக்கியது. தும்பா ராக்கெட் ஏவுதளத்தில் வானிலை ஆய்வகம் அமைக்கும் பணியையும் மேற்கொண்டார்.

துணைத் தலைமை இயக்குநராக 1976-இல் ஓய்வு பெற்றபின்னும் பணி நிற்கவில்லை. அவரது முயற்சியில் சூரியக் கதிர்வீச்சுத் தரவுத் தொகுப்பு 1980-இலும், காற்றாற்றல் தரவுத் தொகுப்பு 1983-இலும் வெளிவந்தன. காற்றாலைக்கு இடம் தேர்வோருக்கு இத்தகைய அளவீடுகளே ஆதாரம். ஏனெனில், காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் ஆற்றல் எட்டு மடங்காகிறது. வேக அளவில் நேரும் சிறு பிழையும் மின் உற்பத்திக் கணக்கில் பெரும் பிழையாகிவிடும்.

அன்னா மணி 2001 ஆகஸ்ட் 16-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் காலமானார்.

இன்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 205 மெகாஹெர்ட்ஸ் ரேடார், மேல் வளிமண்டலக் காற்றை இடைவிடாமல் அளக்கிறது. 2020-இல் இடுக்கியின் பெட்டிமுடியில் நேர்ந்த நிலச்சரிவு, மலைப்பகுதி வானிலையைத் துல்லியமாக அறிவதன் அவசியத்தை உணர்த்தியது. ரேடார் தரும் அளவுகளும், பலூனில் செல்லும் கருவிகளின் அளவுகளோடு ஒப்பிட்டே சரிபார்க்கப்படுகின்றன. துல்லியமான கருவிகளே வானிலை அறிவுக்கு அடிப்படை என்று அன்னா மணி வாழ்நாள் முழுதும் வலியுறுத்திய நெறி, மலைக்காற்றை ஆராயும் இன்றைய விஞ்ஞானிகளுக்கும் வழிகாட்டுகிறது.