ஓட்டம் நின்ற பிறகு

ஜெஸ்ஸி ஓவன்ஸ் என்றதும் 1936 பெர்லின் ஒலிம்பிக்தான் நம் நினைவுக்கு வரும். ஹிட்லரின் ஜெர்மனியில் 100 மீட்டர், 200 மீட்டர், நீளம் தாண்டுதல், அஞ்சலோட்டம் என நான்கு தங்கப் பதக்கங்களை வென்ற கறுப்பின வீரர் அவர். பேச்சுப் போட்டிகளில் நாம் அவர் கதையை அந்த வெற்றியோடு முடித்துவிடுகிறோம். என்னைச் சிந்திக்க வைத்ததோ அதற்குப் பிந்திய வாழ்க்கை.

1913இல் அலபாமாவில் ஓர் ஏழைக் குத்தகை விவசாயியின் மகனாகப் பிறந்தவர் ஓவன்ஸ். பெர்லினில் வென்றபோது அவருக்கு வயது 22. இன்று எனக்கும் அதே வயதுதான். ஒலிம்பிக் முடிந்த கையோடு அவரை ஐரோப்பாவில் ஊர் ஊராக ஓட வைத்தார்கள். களைத்துப்போனவர், தாயகத்திலிருந்து வந்த வருமான வாய்ப்புகளையும் நம்பி, சுவீடன் பயணத்தை மறுத்தார். அமெரிக்க அமெச்சூர் விளையாட்டுச் சங்கம் அவரை இடைநீக்கம் செய்தது. உச்சத்தில் இருந்தபோதே அவரது பந்தய வாழ்வு முடிந்தது. நம்பிய வாய்ப்புகளும் பெரும்பாலும் கைகூடவில்லை.

களத்தை விட்டு விலகும் வீரர் வருமானத்தை மட்டும் இழப்பதில்லை. அன்றாடப் பயிற்சி, கைதட்டல், தான் யார் என்ற தெளிவு எல்லாமே சேர்ந்து போகின்றன. அந்த இழப்புக்கு மனத்தைத் தயார்படுத்த ஓவன்சுக்கு அவகாசமே கிடைக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், ஹவானாவில் பணத்துக்காகக் குதிரையோடு ஓடினார். சலவைத் தொழில் தொடங்கி, 1939இல் நொடித்துப்போனார். மீண்டும் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் சென்றும் பட்டம் பெறாமலே வெளியேறினார்.

கால்கள் கைவிட்ட இடத்தில் அவரைத் தாங்கியது பேச்சு. 1955இல் அமெரிக்க அரசு அவரை நல்லெண்ணத் தூதராக இந்தியாவுக்கும் பிலிப்பீன்சுக்கும், சுதந்திரம் பெறாத நம் மலாயாவுக்கும் அனுப்பியது. பின்னர் மேடைப் பேச்சே அவருக்குத் தொழிலாயிற்று. ஆனாலும் தடுமாற்றம் ஓயவில்லை. 1966இல் வரி வழக்கில் அபராதம் கட்டினார். 1976இல் நாட்டின் உயரிய விருதான அதிபர் சுதந்திரப் பதக்கம் அவரைத் தேடி வந்தது. 1980இல் நுரையீரல் புற்றுநோயால் மறைந்தார்.

ஓவன்ஸ் பழைய ஓட்டக்காரரை மறந்து புதிய மனிதராகிவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. 1936ஐத்தான் அவர் கடைசிவரை மேடைகளில் சுமந்தார். ஆனால் அந்தச் சுமையையே பிறருக்குப் பயன்படும்படி மாற்றக் கற்றுக்கொண்டார். அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன. ஒலிம்பிக் வீரருக்கே அப்படி என்றால், நம் பல்கலைக்கழகத் திடலில் ஓடும் நண்பர்களுக்கு? கைதட்டுகிற நாம், ஓட்டம் நின்ற மறுநாளும் அவர்களை நலம் விசாரிக்க வேண்டும்.