பெஞ்சில் இருந்து ஃபைனலுக்கு: யார் இந்த பீட்டர் தங்கராஜ்?

என்பிஏ பிளே-ஆஃப் பார்க்கிறவங்களுக்கு இது பழகிப்போன காட்சி. அணியின் மெயின் சென்டர் அடுத்தடுத்து ஃபவுல் வாங்கி உட்கார்ந்துவிடுவார். பெஞ்சில் இருந்து மாற்று சென்டர் எழுந்து வருவார். பத்து, பதினைந்து நிமிடம்தான் ஆடுவார். நாலு ரீபவுண்ட், ரெண்டு பிளாக். அவ்வளவுதான். ஆனா அந்தச் சின்ன இடைவெளியில் மேட்ச் கைமாறிவிடும். பெஞ்சில் இருந்து வந்து கலக்குபவருக்கு என்றே என்பிஏ 1983 முதல் தனி விருது கொடுத்து வருகிறது.

நம்ம ஊர் விளையாட்டு வரலாற்றில் இப்படி ஒரு கதை உண்டா? உண்டு. அது கூடைப்பந்து இல்லை, கால்பந்து. இந்தியக் கால்பந்தின் மிகப்பெரிய வெற்றிகளில் ஒன்று அது. ஆள், பெயரிலேயே தமிழ் வைத்திருக்கும் ஒரு கோல்கீப்பர். பெயர் பீட்டர் தங்கராஜ்.

2024-ல் வந்த 'மைதான்' படம் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் ஞாபகம் இருக்கலாம். அஜய் தேவ்கன் கோச் ரஹீமாக நடித்த படம். அந்த அணியின் உயரமான கோல்கீப்பர்தான் தங்கராஜ்.

செகந்திராபாத்தில் தொடங்கிய ஆட்டம்

தங்கராஜ் பிறந்தது 1935-ல், அன்றைய ஹைதராபாத் சமஸ்தானத்தில். பக்கத்து செகந்திராபாத் கன்டோன்மென்ட் ஊர். ராணுவம் இருந்த இடத்தில் மைதானம் இருந்தது. மைதானம் இருந்த இடத்தில் கால்பந்தும் இருந்தது. தமிழ்க் குடும்பங்களும் அங்கே நிறைய. இந்திய அணியில் தங்கராஜுடன் ஆடிய துளசிதாஸ் பலராமும் செகந்திராபாத் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைதான்.

மார்னிங் ஸ்டார், ஃபிரெண்ட்ஸ் யூனியன் போன்ற உள்ளூர் கிளப்புகளில் ஆடிக்கொண்டிருந்த தங்கராஜ், 1953-ல் ராணுவத்தில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் கால்பந்து ஆடுகிற பையனுக்கு நிரந்தர வருமானம் வேண்டுமென்றால் வழிகள் குறைவு. ராணுவம், போலீஸ், ரயில்வே. இல்லைன்னா கல்கத்தா கிளப்புகள்.

அவருக்குக் கிடைத்த இடம் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர். புதுச்சேரியில் இருந்து ஊட்டிக்கு டூர் போகிறவர்கள் குன்னூரைத் தாண்டியதும் வெலிங்டன் என்று ஒரு ஊரைப் பார்த்திருப்பீர்கள். அங்கேதான் அந்தப் படைப்பிரிவின் பயிற்சி மையம்.

சென்டர் ஃபார்வர்ட், கோல்கீப்பர் ஆனது எப்படி?

இதில்தான் முதல் ட்விஸ்ட். தங்கராஜ் தொடக்கத்தில் கோல்கீப்பர் கிடையாது. கோல் அடிக்கிற சென்டர் ஃபார்வர்ட். ரெஜிமென்டல் சென்டர் அணியில்தான் அவர் போஸ்டுக்கு மாறினார்.

மைதானத்தின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்கு மாறுவது சின்ன விஷயம் இல்லை. கோல் போடுகிறவருக்கு ஒரு மேட்ச்சில் பத்து வாய்ப்பு போனாலும் பதினோராவதில் பேர் வாங்கிவிடலாம். கோல்கீப்பருக்கு அந்தச் சலுகை இல்லை. ஒன்பதைப் பிடித்துப் பத்தாவதை விட்டால், பத்தாவதைத்தான் ஊர் பேசும்.

தங்கராஜுக்குச் சாதகமாக இருந்தது உடம்பு. ஆறடிக்கும் மேல் உயரம், நீண்ட கைகள். மேலே வரும் பந்தை மற்றவர்கள் தலையால் முட்டப் போகும்போது, இவர் கைகளால் அதைப் பறித்துவிடுவார். அவர் காத்த போஸ்டோடு மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் 1955-லும் 1958-லும் டியூரண்ட் கோப்பையை வென்றது. இந்தியாவின் மிகப் பழைய கால்பந்துக் கோப்பை அது. 1960-ல் சந்தோஷ் டிராபியை வென்ற சர்வீசஸ் அணிக்கு அவரே கேப்டன்.

இந்திய அணியில் என்ன நிலை?

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 10-1 என்று தோற்றிருந்தது. வெறுங்காலோடு ஆடிய வீரர்கள் அந்த அணியில் இருந்தார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் பூட்ஸ் அவசியம் என்று ஆனது. கோச் சையத் அப்துல் ரஹீம் அணியை மறுபடி கட்ட ஆரம்பித்தார். ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியை வளர்த்தெடுத்தவர் அவர். வீரர்களுக்கு ரஹீம் சாப்.

1955-ல் இந்திய அணிக்குள் வந்தார் தங்கராஜ். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் போன அணியில் அவரும் எஸ்.எஸ்.நாராயணும் கோல்கீப்பர்கள். காலிறுதியில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்ற இந்தியா, கடைசியில் நான்காம் இடம் பிடித்தது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா தொட்ட உச்சம் இன்றுவரை அதுதான். 1960 ரோம் ஒலிம்பிக் அணியிலும் தங்கராஜ், நாராயண் இருவரும் இருந்தார்கள். அங்கே பிரான்சோடு 1-1 என்று டிரா செய்தது இந்தியா.

ஒன்றைக் கவனியுங்கள். கோல்கீப்பர் இடம் ஒன்றே ஒன்று. ஃபார்வர்ட் என்றால் இடது, வலது என்று எங்காவது நுழைத்துவிடலாம். இரண்டு நல்ல கீப்பர்கள் இருந்தால் ஒருவர் வெளியே உட்கார்ந்தே ஆகவேண்டும்.

அப்போது சப்ஸ்டிட்யூட் கிடையாதா?

இன்றைக்கு ஒரு கால்பந்து மேட்ச்சில் ஐந்து பேரைக்கூட மாற்றலாம். கூடைப்பந்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். 1960-களின் தொடக்கத்தில் நிலைமை வேறு. உலகக் கோப்பையிலேயே 1970-ல்தான் ஆட்டத்தின் நடுவே ஆளை மாற்ற அனுமதி வந்தது.

அதனால் அன்றைய பெஞ்சுக்கு அர்த்தமே வேறு. கோச் மேட்ச் தொடங்கும் முன்பே முடிவெடுக்க வேண்டும். உள்ளே போன பதினொரு பேரில் ஒருவருக்கு அடிபட்டால், மீதிப் பேர் சமாளிக்க வேண்டும். தப்பான ஆளை இறக்கிவிட்டால் திருத்திக்கொள்ள வழி இல்லை.

இந்தப் பின்னணி புரிந்தால்தான், 1962-ல் ரஹீம் எடுத்த முடிவு எவ்வளவு பெரியது என்று தெரியும்.

ஜகார்த்தாவில் என்ன நடந்தது?

1962 ஆசிய விளையாட்டுப் போட்டி இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில். இஸ்ரேலும் தைவானும் கலந்துகொள்ள முடியாமல் போனது. இதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர், ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பில் பொறுப்பில் இருந்த இந்தியரான ஜி.டி.சோந்தி. இந்தோனேசிய மக்களின் கோபம் மொத்த இந்தியக் குழு மேலும் திரும்பியது. இந்தியத் தூதரகமே தாக்கப்பட்டது.

களத்திலும் தொடக்கம் சரியில்லை. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 தோல்வி. 1956, 1960 இரண்டு ஆசியக் கோப்பைகளையும் வென்ற அணி அது. அப்புறம் தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0 என்று வென்று இந்தியா மேலே வந்தது.

ஆனா காயப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. தாய்லாந்து ஆட்டத்தில் டிஃபெண்டர் ஜர்னைல் சிங்குக்கு மண்டை உடைந்து தையல் போட்டார்கள். தங்கராஜுக்கும் உடம்பு சரியில்லை. போஸ்டுக்கு வந்தவர் வங்காளத்து கோல்கீப்பர் பிரத்யோத் பர்மன். தெற்கு வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியில் இந்தியா 3-2 என்று ஜெயித்தது.

அந்த அரையிறுதியில் ரஹீம் ஒரு வேலை செய்தார். தையல் போட்ட தலையோடு இருந்த ஜர்னைல் சிங்கை டிஃபென்ஸில் வைக்காமல், சென்டர் ஃபார்வர்டாக முன்னால் அனுப்பினார். அவரும் கோல் அடித்தார்.

ஃபைனலில் ஏன் கீப்பரை மாற்றினார்?

1962 செப்டம்பர் 4. இறுதிப் போட்டி. எதிரே மறுபடியும் தென் கொரியா. 1958 டோக்கியோ ஆசியப் போட்டியின் அரையிறுதியில் இந்தியாவை வெளியேற்றியதும் இதே அணிதான்.

ரஹீம் முன்னால் இருந்தது கஷ்டமான கேள்வி. அரையிறுதி வரை கொண்டுவந்த பர்மனை வைத்தே ஆடலாமா? இல்லை, உடம்பு தேறிக்கொண்டிருக்கும் தங்கராஜை இறக்கலாமா? ஜெயிக்கிற அணியைக் கலைக்காதே என்பது விளையாட்டில் பழைய பாடம். மேட்ச் நடுவில் மாற்றிக்கொள்ளவும் முடியாது.

ரஹீம் தங்கராஜைத் தேர்ந்தெடுத்தார்.

கணக்கு போட்டுப் பார்த்தால் முடிவின் லாஜிக் புரியும். பின்கள வீரரான ஜர்னைல் முன்னால் போய்விட்டார். பின்னால் இருந்த திரிலோக் சிங்குக்கும் காலில் அடி. அப்படிப்பட்ட தடுப்பு வரிசைக்குப் பின்னால், உயரப் பந்துகளைத் தானே வந்து வாங்கிக்கொள்ளும் ஒரு கீப்பர் தேவை. போதாக்குறைக்கு, சுமார் ஒரு லட்சம் பேர் எதிராகக் கூச்சல் போடப்போகும் ஸ்டேடியம். இரண்டு ஒலிம்பிக் பார்த்த ஆளுக்கு அந்தச் சத்தம் புதுசு இல்லை.

அந்த 90 நிமிடம்

செனாயன் ஸ்டேடியத்தில் இந்தியா பந்தைத் தொட்டாலே கூச்சல். 17-வது நிமிடத்தில் பி.கே.பானர்ஜி முதல் கோல். 20-வது நிமிடத்தில் தலையில் கட்டோடு ஆடிய ஜர்னைல் சிங் இரண்டாவது கோல். 2-0.

இதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் மீதி. முன்னிலையைக் காப்பாற்றும் நேரத்தில் கோல்கீப்பரின் வேலை பந்தைத் தடுப்பது மட்டும் இல்லை. பந்தைக் கையில் பிடித்து, பதற்றத்தில் இருக்கும் பத்துப் பேருக்கு மூச்சு வாங்க நேரம் கொடுப்பதும்தான். சக வீரர் காலால் திருப்பித் தரும் பந்தைக் கீப்பர் கையில் எடுக்கக் கூடாது என்ற விதி 1992-ல்தான் வந்தது. எனவே அன்று ஆபத்து வந்தால் பின்னால் தட்டிவிட நம்பகமான இரண்டு கைகள் இருந்தன.

85-வது நிமிடத்தில் கொரியா ஒரு கோல் போட்டது. 2-1. கடைசி நிமிடங்கள் நகர மறுத்த நிமிடங்கள். இன்னொரு கோல் விழவில்லை. தங்கம் இந்தியாவுக்கு.

1951 டெல்லியில் முதல் தங்கம், 1962 ஜகார்த்தாவில் இரண்டாவது. அதற்குப் பிறகு ஆசியப் போட்டியில் ஆடவர் கால்பந்துத் தங்கம் இந்தியாவுக்குக் கிடைக்கவே இல்லை. புற்றுநோயோடு போராடியபடி அந்த அணியை நடத்திய ரஹீம், 1963 ஜூனில் காலமானார்.

யார் மெயின், யார் மாற்று?

இந்தக் கதையை இரண்டு விதமாகப் படிக்கலாம். மெயின் கீப்பர் தங்கராஜ் படுத்துவிட்டபோது, மாற்று கீப்பர் பர்மன் வந்து அணியை ஃபைனல் வரை தூக்கிவந்தார் என்பது ஒன்று. பர்மன் ஆடிக்கொண்டிருந்த அணிக்குள், பெஞ்சில் இருந்து வந்த தங்கராஜ் ஃபைனலைக் காத்தார் என்பது இன்னொன்று. இரண்டுமே உண்மை.

ஃபைனலின் பதினொரு பேர் பட்டியலில் பர்மன் பெயர் இல்லை. ஆனா அரையிறுதியில் அவர் நிற்காமல் அந்தப் பட்டியலே வந்திருக்காது. கூடைப்பந்தில் மாற்று சென்டர் ஆடும் பன்னிரண்டு நிமிடத்துக்கும் இதே கதைதான். மெயின் ஆள் கடைசி நேரத்தில் ஓடுவதற்கு மிச்சம் வைத்திருக்கும் மூச்சு, பெஞ்சில் இருந்து வந்தவர் சேமித்துக் கொடுத்தது.

அதற்குப் பிறகு

தங்கராஜ் நிற்கவில்லை. 1964-ல் ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் பிடித்த இந்திய அணியில் இருந்தார். 1966 பாங்காக் ஆசியப் போட்டியிலும் ஆடினார். ஆசிய ஆல் ஸ்டார் அணிக்கும் அவர் பெயர் போனது. 1967-ல் அர்ஜுனா விருது. கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என மூன்று பெரிய கிளப்புகளின் சட்டையையும் அணிந்தவர். ஜென்மப் பகை கொண்ட மூன்று ரசிகர் கூட்டமும் ஒருவரை ஏற்றுக்கொள்வது லேசான காரியம் இல்லை.

ஆட்டத்தை நிறுத்திய பின் பயிற்சி கொடுக்கப் போனார். கடைசிக் காலம் ஜார்க்கண்டின் பொக்காரோவில். எஃகு ஆலை ஊரில் சின்னப் பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தார். 2008 நவம்பரில் அங்கேயே மறைந்தார்.

தவளக்குப்பம், பாகூர், வில்லியனூர் பக்கம் எந்த ஊர் டோர்னமென்ட்டுக்குப் போனாலும், கோட்டுக்கு வெளியே ஜெர்சி மேல் சட்டை போட்டுக்கொண்டு ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். எப்ப இறக்குவாங்கன்னு தெரியாது. இறக்குவாங்களான்னும் தெரியாது. தினமும் பிராக்டிசுக்கு மட்டும் தவறாமல் வருவான். 1962-ல் தங்கம் வாங்கிய அணியின் இரண்டு கோல்கீப்பர்களும் ஆளுக்குக் கொஞ்ச நாள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்தான். கூப்பிட்ட அன்று இருவருமே தயாராக இருந்தார்கள். அதனால்தான் அந்தத் தங்கம் வந்தது.