ஓபர்ண்டோர்ப் நகரத்துக் கம்மியன்

பாடசாலை மாணவர் படையிற் சேர்ந்து தியத்தலாவை மலைச்சாரலிலே சுடுபயிற்சி பெற்ற காலத்தில் எனக்கு நேர்ந்த ஒரு சிறு இடர்ப்பாடு, அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் என் நினைவை விட்டு அகலவில்லை. மூன்றாவது வேட்டுத் தீர்ந்ததும் துப்பாக்கியின் தாழ் மேலே எழ மறுத்துவிட்டது. உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன், அசையவில்லை. பயிற்றுநர் ஓடிவந்து என்னை விலக்கினார். துப்பாக்கியின் வாயை இலக்கை நோக்கியே வைத்திருந்து, சற்றுப் பொறுத்து, கைப்பிடியை நிதானமாகத் தூக்கினார். தாழ் வந்தது, சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வரவில்லை. உள்ளே எஞ்சியிருப்பது வெற்றுக்கூடுதான் என்பதைக் கண்ணாற் பார்த்து உறுதிசெய்துகொண்ட பின்னரே, துடைகோலைக் குழலின் வாய்வழியே செலுத்தி அதனைத் தட்டி வீழ்த்தினார்.

கூட்டின் பித்தளை மேனியெங்கும் பொட்டுப் பொட்டாகத் தழும்புகள். தோட்டா அறையின் சுவரிலே துரு அரித்த குழிகளின் அச்சு அது. குற்றம் உன்னுடையதன்று, தோட்டாவினுடையதுமன்று, துடையாமல் விட்டவனுடையது என்று அவர் எனக்கு விளக்கினார். அன்றிரவு பாசறையிலே அவர் சொன்ன கதைகளினூடாகத்தான் பவுல் மௌசர் என்ற பெயரை முதன்முறை கேட்டேன். நான் சுட்டது வேறொருவர் வகுத்த துப்பாக்கி. ஆயினும், சுட்ட கூடு ஏன் சிக்குகிறது, சிக்காமலிருக்க யாது செய்யலாம் என்ற வினாவுக்குத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்தவர் மௌசரே என்பதைப் பின்னர் படித்தறிந்தேன்.

ஜேர்மனியின் தென்மேற்கிலே, நெக்கார் ஆற்றங்கரையில் ஓபர்ண்டோர்ப் என்றொரு சிறுநகர் உண்டு. வூர்ட்டெம்பேர்க் அரசர் அங்கே ஒரு பழைய அகுஸ்தீனியத் துறவிமடத்தை ஆயுதச்சாலையாக மாற்றியிருந்தார். செபம் ஒலித்த கூடங்களிலே சம்மட்டி ஒலித்தது. அச்சாலையிற் பணிபுரிந்த துப்பாக்கிக் கம்மியர் ஒருவருக்குப் பதின்மூன்று பிள்ளைகள். அவர்களுள் கடைக்குட்டியாக 1838ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் திகதி பிறந்தவரே பவுல். தந்தையின் தொழிலே மைந்தனுக்கும் வாய்த்தது. 1859இல் படைச் சேவைக்கு அழைக்கப்பட்டு லுட்விக்ஸ்பேர்க் ஆயுதக் களஞ்சியத்திற்குச் சென்ற இளைஞர், அங்கும் அரமும் கையுமாகவே இருந்தார்.

அக்காலத்தில் பிரசியப் படையின் பெருமைக்குரியதாக விளங்கியது டிறைஸ என்பவரின் ஊசித் துப்பாக்கி. கதவுத் தாழ்ப்பாளைப் போலத் தள்ளித் திருப்பிப் பூட்டும் முறை அதில் இருந்தது. அதன் தோட்டா காகிதத்தாலானது, வெடித்ததும் எரிந்துபோகும். வெளியே எடுப்பதற்கு எதுவும் மிஞ்சாது. ஆனால் வெடிவாயு பின்புறமாகக் கசிந்து சுடுபவனின் முகத்தைச் சுடும். இக்குறையைத் தீர்க்க வந்ததே உலோகக் கூடு. வெடியின் அழுத்தத்தினால் பித்தளை விரிந்து அறைச் சுவரோடு ஒட்டி, வாயு பின்னே வராதபடி அடைக்கும். அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கிச் சுவரை விட்டு விலகும். அந்தச் சற்றே என்பதில்தான் முழு நுட்பமும் அடங்கியிருக்கிறது. அறை அழுக்கடைந்தாலும், துருப்பிடித்தாலும், மருந்தின் அழுத்தம் மிஞ்சினாலும், கூட்டின் உலோகம் மட்டமானதாக இருந்தாலும் அது விலகாது. வாயுவை அடைக்கும் அதே பண்பு கூட்டை உள்ளே சிறைப்படுத்திவிடும்.

இதனை ஏதோ பட்டறைச் சிக்கல் என்று எண்ணிவிடலாகாது. 1885ஆம் ஆண்டு சூடானில் அபு கிளியாப் போரிலே பிரித்தானிய வீரரின் மார்ட்டினி ஹென்றித் துப்பாக்கிகளில், மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்த கூடுகள் வெப்பத்தாலும் மணலாலும் சிக்கிக்கொண்டன. எதிரி ஈட்டியோடு பாய்ந்துவரும்போது கையிலிருப்பது துப்பாக்கியன்று, வெறும் தடி என்று அறிந்தவனின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

பவுலுக்கு வில்ஹெல்ம் என்றொரு தமையன் இருந்தார். தம்பி பட்டறையை விட்டு வெளியே வர விரும்பாதவர். தமையனோ அமைச்சர்களின் வாயில்களில் அலுக்காமல் காத்திருக்க வல்லவர். ஊரிலே ஆதரவு கிடைக்காமையால், சாமுவேல் நொரிஸ் என்ற அமெரிக்கரின் துணையோடு பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்குச் சென்று சில காலம் உழைத்தனர். அந்தக் கூட்டு நிலைக்கவில்லை. எனினும் அவர்களின் ஒற்றை வேட்டுத் துப்பாக்கியைப் பிரசியா ஏற்றது. அதற்கு 1871 என்ற ஆண்டே பெயராயிற்று. அதில் ஒரு வேடிக்கை உண்டு. கூட்டை அறையிலிருந்து இழுக்கும் கொளுக்கி இருந்ததேயன்றி, இழுத்த கூட்டை வெளியே தட்டிவிடும் உறுப்பு இல்லை. வீரன் துப்பாக்கியைச் சரித்துக் கூட்டைக் கொட்ட வேண்டும். முதல் நூல் எழுதியவனுக்கு அச்சுப்பிழை போல, இஃது அவருக்கு உறுத்தியிருக்கும் என்றே நான் நினைக்கிறேன். அடுத்து வந்த 1871/84 மாதிரியில் அக்குறை நீங்கியது.

1874இல் சகோதரர் இருவரும் அரச ஆயுதச்சாலையையே விலைக்கு வாங்கினர். 1882இல் வில்ஹெல்ம் காலமானார். பட்டறைக்கும் உலகத்துக்கும் இடையே நின்ற பாலம் அற்றது. 1887இல் துருக்கி ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் செய்தது. அதே ஆண்டில் நிறுவனத்தின் பெரும்பங்கு பேர்லினைச் சேர்ந்த லுட்விக் லோவே நிறுவனத்தின் கைக்குச் சென்றது. தம் பெயர் தாங்கிய தொழிற்சாலையில் பவுல் தொழில்நுட்பத் தலைவராகத் தொடர்ந்தார். அதனினும் பெரிய அடி மறு ஆண்டில் விழுந்தது. ஜேர்மன் படை தன் புதிய துப்பாக்கியை ஓர் ஆணைக்குழுவைக் கொண்டு வகுத்தது, மௌசரை ஒதுக்கிவிட்டது. சொந்த நாடு கைவிட்ட பத்தாண்டுக் காலத்தில் பெல்ஜியம், துருக்கி, ஆர்ஜென்டீனா, ஸ்பெயின் என்று பிற நாடுகளுக்காகவே அவர் உழைத்தார். அவருடைய தலைசிறந்த கண்டுபிடிப்பு பிறந்ததும் அக்காலத்திலேதான்.

அது என்னவென்று சற்று விரிவாகவே சொல்லவேண்டும். அதற்கு முந்திய துப்பாக்கிகள் பலவற்றில் கொளுக்கி சிறிய துண்டு. தாழோடு சேர்ந்து சுழலும். தாழ் முற்றாகப் பூட்டிய பின்னரே தோட்டாவின் விளிம்பைப் பற்றும். பதற்றத்தில் வீரன் தாழைப் பாதியில் நிறுத்திப் பின்னுக்கு இழுத்துவிட்டால், முதல் தோட்டா அறையிலேயே கிடக்க, இரண்டாவது அதன் முதுகில் வந்து முட்டும். ஆணைக்குழுவின் துப்பாக்கிக்கும் இந்நோய் இருந்தது. மௌசர், நீண்ட வில்லெஃகுப் பட்டையொன்றைத் தாழின் புறத்தே வளையத்தினாற் பொருத்தி, அதன் நுனியை அகன்ற நகமாக வளைத்தார். தாழ் சுழலும், நகம் சுழலாது. தோட்டா பெட்டியிலிருந்து மேலெழும்போதே அதன் விளிம்பு நகத்தினுள் புகுந்துவிடும். பின்பு அறைக்குள் போவதும் வெடிப்பதும் வெளியேறுவதும் எல்லாம் அந்தப் பிடியிலேயே. 1890களின் தொடக்கத்தில் இது நிறைவுற்று, 1893ஆம் ஆண்டின் ஸ்பானியத் துப்பாக்கியாற் புகழடைந்தது.

நகம் மட்டும் போதாது. ஒட்டிய கூட்டை நேரே இழுத்தால் விளிம்பு கிழியுமேயன்றிக் கூடு வராது. இறுகிய போத்தல் மூடியை நேரே பிடுங்காமல் திருகித் தளர்த்துகிறோமல்லவா? அதுபோல, கைப்பிடியைத் தூக்கும்போது அதன் அடி ஒரு சரிவின்மீது வழுக்கி ஏறித் தாழ் முழுவதையும் ஒரு சிறிது பின்னுக்கு நெம்பும். சிறிய தூரம், பெரிய விசை. அதனாற் கூடு சுவரை விட்டு அகன்ற பின்னரே நீண்ட இழுப்பு. தியத்தலாவையிலே பயிற்றுநர் கைப்பிடியை அடியாமல் நிதானமாகத் தூக்கியதன் பொருள் எனக்கு இதைப் படித்தபோதுதான் விளங்கியது.

1898இல் ஜேர்மனி மீண்டும் அவரிடமே வந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் ஏற்கப்பட்ட துப்பாக்கியில் மூன்றாவது பூட்டு முனை ஒன்றும், கூடு வெடித்தால் வாயுவை முகத்திலிருந்து விலக்கும் காப்பும் சேர்ந்திருந்தன. அவ்வாண்டிலேயே அவர் ஜேர்மன் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். ஆனால் 1901இல், தாமே இயங்கித் தோட்டா ஏற்றும் துப்பாக்கி ஒன்றைச் சோதிக்கையில் விபத்து நேர்ந்து ஒரு கண்ணை இழந்தார். பிறர் கண்ணுக்குக் காப்பு அமைத்தவரின் கண் பறிபோனதை விதி என்பதா? அவர் அதன் பின்னரும் பட்டறையை விடவில்லை.

அவர் கருத்தின் வலிமையை எதிரிகளே முதலில் உணர்ந்தனர். தென்னாபிரிக்காவிலே போயர்கள் மௌசர் துப்பாக்கிகளைக் கொண்டு பிரித்தானியரைத் திகைக்க வைத்தனர். சிறைப்பட்ட போயர்களுள் ஏறத்தாழ ஐயாயிரவரை 1900இல் கொண்டுவந்து அடைத்த இடம் நம் தியத்தலாவையே. அவர்களுள் ஒருவரான எங்கெல்பிறெக்ட், பிரித்தானிய முடிக்கு விசுவாச உறுதி அளிக்க மறுத்து இங்கேயே தங்கி, யால வனத்தின் முதற் காவலராயினார் என்பது நம்மவர் அறிந்த செய்தி. அமெரிக்கரோ தம் 1903ஆம் ஆண்டுத் துப்பாக்கியை மௌசரின் முறையைத் தழுவியே வகுத்து, அதற்காக இரண்டு இலட்சம் டொலர் வரை உரிமைத்தொகை செலுத்த நேர்ந்தது.

அம்முறையைப் புறக்கணித்தவர்க்கு நேர்ந்ததும் உண்டு. கனடியர்கள் கையாண்ட றொஸ் துப்பாக்கியின் தாழை மேலே தூக்கத் தேவையில்லை. நேரே இழுத்தாற் போதும். இலக்குப் போட்டிகளில் அதற்கு இணையில்லை. ஆனால் நெம்பித் தளர்த்தும் அந்தச் சிறிய உதவி கைக்குக் கிட்டவில்லை. 1915இல் ஈப்பர் போர்க்களத்தின் சேற்றிலே கூடுகள் சிக்க, வீரர் தாழைச் சப்பாத்துக் குதியால் உதைத்தனர். ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்டோர் அதனை எறிந்துவிட்டு, வீழ்ந்த பிரித்தானியரின் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டனர்.

இத்தகைய மனிதரைப் போற்றி எழுதலாமா என்று நான் நெடுநாள் தயங்கினேன். துவக்கின் ஒலியை வேண்டியதற்கு மேலாகக் கேட்ட நாடு இது. அவருடைய கைத்திறனை வியக்கும்போதே, அடுத்த வேட்டுத் தடையின்றித் தீரவேண்டும் என்பதற்காகவே அத்திறன் செலவாயிற்று என்ற எண்ணமும் உடன் எழுகிறது. இரண்டில் ஒன்றை விட்டு மற்றதை எழுத எனக்கு இயலவில்லை.

1912இல் வூர்ட்டெம்பேர்க் அரசர் அவருக்கு உயர்குடிப் பட்டம் அளித்தார். 1914ஆம் ஆண்டு மே 29ஆம் திகதி, பிறந்த ஊரிலேயே அவர் கண்மூடினார். அதன்பின் ஒன்பது கிழமைகள் கழிந்து, ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில், ஜேர்மன் படையினர் அவருடைய 1898ஆம் ஆண்டுத் துப்பாக்கியைத் தோளில் ஏந்தி எல்லைகளைக் கடந்தனர்.