பிடியரிசியால் வளர்ந்த பாடசாலை: நாவலர் பெருமானின் பொதுப்பணி

சைவமும் தமிழும் தளர்வுற்றிருந்த காலத்தில் ஈழத்திருநாட்டிலே தோன்றி, அவ்விரண்டையும் தலைநிமிரச் செய்தவர் நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பெருமான் ஆவார். வசனநடை கைவந்த வல்லாளர் என்றும், சைவப் பிரசங்கத்தின் முன்னோடி என்றும், ஏட்டுச் சுவடிகளை அச்சேற்றிய பதிப்பாசிரியர் என்றும் அவரை நாம் போற்றுகின்றோம். இவற்றோடு சேர்த்து நினைக்க வேண்டிய இன்னொரு பெருமையும் அவருக்கு உண்டு. கையில் பெருஞ்செல்வம் இல்லாத ஒருவர், ஊர்மக்களின் சிறிய உதவிகளைக் கொண்டே ஒரு பொது நிறுவனத்தைத் தொடக்கி நடத்திக் காட்டிய பெருமையே அது. கிராமத்துக் கோயிலையும் அதனைச் சார்ந்த தொண்டுகளையும் தோளிற் சுமக்கும் எம்போன்றோர் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

நாவலர் அவர்கள் 1822ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 18ஆம் திகதி நல்லூரிலே கந்தப்பிள்ளை, சிவகாமி அம்மையார் தம்பதியரின் கடைசிப் புதல்வராகப் பிறந்தார். பிள்ளைத் திருநாமம் ஆறுமுகம். ஒன்பது வயதிலே தந்தையாரை இழந்தார். தமையன்மாரின் ஆதரவில் திண்ணைப் பள்ளிக்கூடத்திலும், பின்னர் இருபாலைச் சேனாதிராய முதலியார், சரவணமுத்துப் புலவர் ஆகிய பெரும் புலவர்களிடத்தும் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். ஆங்கிலம் கற்பதற்காக வெஸ்லியன் மிசனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிற் சேர்ந்து, இளவயதிலேயே அங்கு ஆசிரியராகவும் அமர்ந்தார். பாதிரியார் மேற்கொண்ட விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்புப் பணியிலும் துணைநின்றார்.

அக்காலத்தில் யாழ்ப்பாணத்திலே ஒழுங்கான கல்வி வேண்டுவோர் மிசன் பாடசாலைகளையே நாட வேண்டியிருந்தது. அவற்றுக்குக் கடல் கடந்து பணம் வந்தது. அரசாங்கத்தின் ஆதரவும் இருந்தது. அவற்றிலே அச்சிட்ட புத்தகங்கள், வகுப்பு முறை, நேர அட்டவணை யாவும் இருந்தன. சைவப் பிள்ளைகளுக்கோ தம் சமயத்தை முறையாகக் கற்க ஒரு பாடசாலை இல்லை. கற்பிக்கப் பாடநூலும் இல்லை. மிசன் பாடசாலைக்குள்ளேயே வாழ்ந்தமையால் இக்குறையை நாவலர் தெளிவாகக் கண்டார். அவர்கள் கையாண்ட நல்ல முறைகளை நாமும் கையாளாதவரை குறைகூறிப் பயனில்லை என்பதையும் உணர்ந்தார்.

முதலிலே மக்களைத் தட்டியெழுப்ப வேண்டியிருந்தது. 1847ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆம் திகதி வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயில் வசந்த மண்டபத்திலே அவருடைய முதலாவது பிரசங்கம் நிகழ்ந்தது. அப்பொழுது அவருக்கு வயது 25. அன்று தொடக்கம் வெள்ளிக்கிழமைகள் தோறும் பிரசங்கம் நடைபெற்றது. அவரும் நண்பர் கார்த்திகேய ஐயரும் மாறி மாறிப் பிரசங்கம் செய்தனர். கடவுள் வழிபாடு, ஆலய தரிசனம், சிவதீட்சை, புலால் உண்ணாமை, மதுவிலக்கு முதலிய பொருள்கள் எளிய தமிழிலே எடுத்துரைக்கப்பட்டன. கோயில் மண்டபம் பூசைக்கு வருவோர் நின்று செல்லும் இடமாக மட்டும் இராமல், ஊரவர் கூடியிருந்து கேட்டுத் தெளியும் இடமாகவும் ஆயிற்று.

அவ்வாறு கூடியவர்களின் துணையுடன் 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கப்பெற்றது. அதே ஆண்டு செப்ரெம்பரிலே நாவலர் பேர்சிவல் பாதிரியாரிடம் பெற்றுவந்த சம்பளப் பதவியைத் துறந்தார். பாதிரியாருக்கு அவரை விட மனமில்லை. ஆயினும் நாவலர் தம் முடிவிலிருந்து மாறவில்லை. திருமணமும் செய்யாது, தம் வாழ்நாள் முழுவதையும் பொதுப்பணிக்கே ஒப்படைத்தார்.

பாடசாலை தொடங்கியாயிற்று, அதனை நாள்தோறும் நடத்துவது எப்படி? இங்கேதான் பிடியரிசி கைகொடுத்தது. வீட்டிலே சோறாக்க அரிசி எடுக்கும்போது அதில் ஒரு பிடியைத் தருமத்துக்கென்று வேறாக எடுத்து வைப்பதே பிடியரிசி. வீடுகள் தோறும் இவ்வாறு சேர்ந்த அரிசி பாடசாலைச் செலவுக்கு உதவியது. ஒரு பிடி அரிசி குறைந்ததால் எந்தக் குடும்பமும் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் பல வீட்டுப் பிடிகள் சேர்ந்தபோது பிள்ளைகள் படிக்க ஒரு பள்ளிக்கூடம் நிலைத்தது. இதிலே இன்னொரு நன்மையும் உண்டு. தனவந்தர் ஒருவரின் பணத்தால் மட்டும் நடக்கும் பாடசாலையை ஊரார் அவருடைய பாடசாலை என்பர். தினமும் தாய்மார் கையால் அரிசி எடுத்து வைத்த பாடசாலையையோ எங்கள் பாடசாலை என்றனர். அடுப்படியில் நின்ற பெண்களும் இவ்வாறு அத்தருமத்தில் பங்காளிகள் ஆயினர்.

ஆசிரியர்களாக வந்தோரும் தொண்டு மனப்பான்மையுடனேயே வந்தனர். சம்பளத்தை எதிர்பாராது கற்பித்தோரும் இருந்தனர். பாடநூல் இல்லாத குறையைத் தீர்க்க நாவலர் 1849ஆம் ஆண்டில் மாணாக்கர் சதாசிவப்பிள்ளையுடன் இந்தியா சென்று அச்சியந்திரம் வாங்கிவந்தார். அப்பயணத்தின் போதே திருவாவடுதுறை ஆதீனத்தில் அவருக்கு நாவலர் என்னும் பட்டம் சூட்டப்பெற்றது. வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலை நிறுவப்பட்டது. பாலபாடங்கள், சைவ வினாவிடை, பெரியபுராண வசனம் எனச் சிறுவர் தொடக்கம் பெரியோர் வரை வாசிக்கத்தக்க நூல்கள் அவர் கையால் வெளிவந்தன. பாலபாடத்தையும் சைவ வினாவிடையையும் கற்று வளர்ந்த தலைமுறைகள் பல.

1864ஆம் ஆண்டிலே சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அது இன்றும் நாவலர் பெயரைத் தாங்கி மேல்நிலைப் பள்ளியாக விளங்குகின்றது.

எல்லா முயற்சியும் வெற்றி பெற்றுவிடவில்லை என்பதையும் இங்கு சொல்லுதல் வேண்டும். ஆங்கிலக் கல்வி வேண்டிய சைவப் பிள்ளைகளுக்காக 1872ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவாங்கில வித்தியாசாலை, போதிய பணவசதி கிடையாமையால் சில ஆண்டுகளிலே மூடப்பட்டது. மக்கள் தோள்கொடுத்தது நிலைத்தது. ஆதரவு போதாதது, நாவலரே முன்னின்றும் நிலைக்கவில்லை. பொதுப்பணியில் ஈடுபடுவோர் அனைவரும் மனத்திற் கொள்ள வேண்டியது இது.

1876, 1877ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சமும் கொள்ளை நோயும் வாட்டின. அப்பொழுது நாவலர் ஏடும் எழுத்தாணியுமாக ஒதுங்கியிருக்கவில்லை. வசதி படைத்தோரிடம் பொருளும் அரிசியும் திரட்டி, பசித்து வந்தோருக்குக் கஞ்சி வார்க்கும் கஞ்சித்தொட்டித் தருமத்தை நடத்தினார். அறிவுப்பசிக்கு அரிசி சேர்த்த ஊர், வயிற்றுப்பசிக்கும் அரிசி சேர்த்தது. வறியோரின் துயர் தொடர்பாக அரசாங்க அதிகாரிகளின் போக்கைக் கண்டித்து எழுதவும் அவர் தயங்கவில்லை.

நாவலர் தம் காலத்துச் சாதி வழக்கங்களை ஏற்றுக்கொண்டவர் என்பதும் வரலாற்று உண்மையே. அவர் கட்டிய கூரையின் கீழ் அன்று எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை. அவருடைய தொண்டைப் பின்பற்றும் நாம் அந்தக் கதவை அகலத் திறந்து, சகலரையும் உள்ளே அழைப்பதே அத்தொண்டுக்கு நாம் செய்யும் நிறைவாகும்.

1879ஆம் ஆண்டு டிசெம்பர் 5ஆம் திகதி, 57 வயது நிறைவதற்குச் சில நாட்கள் இருக்க, நாவலர் பெருமான் சிவபதம் அடைந்தார். ஆண்டுதோறும் கார்த்திகை மாத மக நட்சத்திரத்திலே அவருடைய குருபூசை நடைபெறுகின்றது. அவருடைய மறைவுடன் பணி நின்றுவிடவில்லை. வித்தியாசாலைத் தரும பரிபாலனத்தைச் சதாசிவப்பிள்ளை ஏற்றார். அவருக்குப் பின்னும் நாவலரின் வழிவந்தோர் அதனைத் தொடர்ந்தனர். 1888இல் சைவ பரிபாலன சபை தோன்றியது. நாவலர் கண்ட ஆங்கிலப் பாடசாலைக் கனவு 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக நனவாகியது. 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கம் கிராமங்கள் தோறும் பாடசாலைகளை அமைத்தது. 1969ஆம் ஆண்டு நல்லூரிலே நாவலருக்குச் சிலை எழுந்தது. 1971இல் அவர் உருவம் தாங்கிய முத்திரை வெளியாயிற்று.

1960, 1961ஆம் ஆண்டுகளில் பெரும்பாலான பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. ஆசிரியருக்குச் சம்பளம், பிள்ளைகளுக்குப் புத்தகம் என்பன அரசாங்கத்தின் கடமையாயின. அதன் பின்னர் பாடசாலைக்காகப் பிடியரிசி எடுக்கும் தேவை இல்லாது போயிற்று. ஆயினும் கிராமத்தில் இன்றும் சம்பளமின்றி நடக்கும் காரியங்கள் எத்தனையோ உள. ஞாயிற்றுக்கிழமை அறநெறி வகுப்பு, வாசிகசாலை, திருவிழாக் காலத் தண்ணீர்ப்பந்தல், அன்னதான மடத்து அடுப்பு, தேர் இழுக்க முன் வீதி துப்புரவாக்கும் சிரமதானம் ஆகியவை யாவும் யாரோ ஒருவர் தம் ஓய்வு நேரத்தைக் கொடுப்பதனாலேயே நடக்கின்றன. பல ஊர்களிலே அந்த யாரோ ஒருவர் எப்போதும் அதே நாலைந்து பேராகவே இருக்கின்றனர். அவர்களுக்கு வயது ஏறிக்கொண்டே போகின்றது. இளையோர் பலர் தொழிலுக்காக நகரங்களிலும் வெளிநாடுகளிலும் உள்ளனர். அவர்கள் அனுப்பும் பணத்தால் கோபுரங்கள் உயர்கின்றன, அது போற்றத்தக்கதே. ஆனால் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுக்க ஊரிலே ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைப் பணம் அனுப்பிப் பெற இயலாது.

ஆகவே, நாவலர் பெருமானைக் குருபூசை நாளில் மாலை சூட்டி நினைப்பதோடு நில்லாது, கிழமையிலே ஒரு மணி நேரத்தையாவது பொதுக்காரியத்துக்கு எடுத்து வைப்போம். அது நமது காலத்துப் பிடியரிசி. ஒரு வீட்டுக்கு ஒரு பிடி போதும். எல்லா வீட்டிலிருந்தும் வர வேண்டும் என்பதே முக்கியம். அத்தகைய மனமும் ஒற்றுமையும் நம் ஊரவர் அனைவருக்கும் வாய்க்க எல்லாம் வல்ல எம்பெருமானின் திருவருளை வேண்டுவோமாக.

மேன்மைகொள் சைவநீதி ஓங்குக.