கரும்பைக் கணக்கிட்ட ஜானகி அம்மாள்

எங்கள் ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் கரும்பை டன் கணக்கில்தான் பேசுவோம். நான் கற்பித்த பொருளியலும் அப்படியே. அதைக் குரோமோசோம் கணக்கில் அறிந்தவர் ஈ.கே.ஜானகி அம்மாள். 1897இல் தலச்சேரியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிலும் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர். 1934இல் கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்து, கரும்பை மக்காச்சோளத்தோடும் காட்டுப் புற்களோடும் கலப்பினம் செய்தார். முளைத்த நாற்று மெய்யான கலப்பினமா, தாய்ச்செடியின் மறுபிறப்பா என்பதைக் கண் சொல்லாது. உயிரணுவின் குரோமோசோம்களை எண்ணித்தான் அவர் முடிவு கண்டார். ஆண்கள் நிறைந்த அந்நிலையம் தனித்து வாழ்ந்த பெண்ணுக்கு இணக்கமாக இல்லை. 1939இல் இங்கிலாந்து சென்றார். 1945இல் டார்லிங்டனுடன் பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணையை வெளியிட்டார். 1951இல் நேருவின் அழைப்பில் திரும்பினார். இடைப்பட்ட ஆண்டுகளின் இழப்பை எந்த வேளாண் கணக்கேட்டிலும் நான் கண்டதில்லை. 1984இல், எங்களுடைய அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து மதுரவாயலில், ஆய்வுப் பணியில் இருக்கும்போதே காலமானார்.